வெட்டுகல் வீடும் மூன்று மெஷ் டப்பாக்களும்

“மிஸ், நீங்க ரொம்ப நேரமா வாயைத் திறந்துட்டே இருக்கீங்க” என்று மஸ்கட்டிலிருந்து ஒரு பையன் சாட்டில் எழுதியபோது நான் இருபடிச் சமன்பாட்டின் பாதியில் இருந்தேன். என் பக்கம் எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோலத்தான் தெரிந்தது. அவர்கள் பக்கம் நான் வாய் பிளந்தபடி நான்கு நிமிடம் சிலையாக நின்றிருக்கிறேன். அந்த வாரத்திலேயே அது மூன்றாவது முறை. மாதம் முடிந்ததும் இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் ரொம்ப மரியாதையாக, “மிஸ் நல்லாத்தான் சொல்லித் தாறீங்க, ஆனா லைன் சரியில்லை” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய். அதைவிட, ஆறு மாதம் கழித்துத்தான் இந்த வைஃபைத் தொல்லை தீர்ந்தது என்பதும், அதற்குள் நான் தேவையில்லாமல் வாங்கிக் குவித்ததும் இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஒரு மதியப் பொழுதில் சரிசெய்திருக்கக்கூடிய விஷயம். சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா போன பிறகு அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன். வீட்டின் முன்பாதி அப்பா கட்டிய கான்கிரீட். பின்பாதி தாத்தா காலத்து வெட்டுகல் (செம்புரைக்கல்) வீடு. ஒன்றரை அடி கனச் சுவர், மேலே மரத்தில் மச்சு, அதற்கு மேல் ஓடு. முன்பக்கம் ரோட்டை ஒட்டி இருப்பதால் பஸ் ஹார்ன் காதைக் கிழிக்கும். அதனால் பழைய வீட்டின் கடைசி அறையை வகுப்பறை ஆக்கிக்கொண்டேன். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த பையனோ, போஸ்டிலிருந்து எந்த ஜன்னல் பக்கமோ அந்த ஜன்னல் வழியாகவே வயரை உள்ளே இழுத்து, முன் ஹாலில் டிவிக்குப் பின்னால் வைஃபை தரும் ரூட்டர் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போய்விட்டான். “வேற எங்கேயாவது வேணுமா அக்கா?” என்று கேட்டான்தான். நான்தான் “எங்க வேணும்னாலும் வை தம்பி” என்றேன். அந்த ஒரு வார்த்தையின் விலையைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். இணைப்பு வாங்கும் நாளிலேயே, நாம் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் அல்லது வீட்டின் நடுவில் பெட்டி வரவேண்டும் என்று பிடிவாதமாக நில்லுங்கள். இன்னும் 15 மீட்டர் ஃபைபர் இழுக்கக் கூடக் கொஞ்சம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

முதல் தப்பு, திட்டத்தை உயர்த்தியது. 100 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) போதவில்லை போல என்று நானே முடிவு செய்து, 300க்கு மாறி, ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டினேன். பழைய திட்டத்தைவிட வரியோடு சேர்த்து 2,800 ரூபாய் கூடுதல். வகுப்பறையில் ஒரு மாற்றமும் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், “உங்க லைன்ல 300 வருது மேடம்” என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது உண்மைதான். பெட்டி வரைக்கும் 300 வந்தது. பெட்டியிலிருந்து என் மேஜைக்கு வரும் வழியில்தான் எல்லாம் கரைந்துபோனது. இது இரண்டும் வேறு வேறு விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் செய்யவேண்டிய முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். போனை எடுத்துக்கொண்டு ரூட்டருக்கு நாலடி தூரத்தில் நின்று வேகத்தைப் பாருங்கள். பிறகு தொல்லை தரும் அறையில் நின்று பாருங்கள். முதல் இடத்திலேயே குறைவாக இருந்தால் சண்டை கம்பெனியோடு. முதல் இடத்தில் நன்றாக இருந்து இரண்டாம் இடத்தில் படுத்துவிட்டால் சண்டை உங்கள் வீட்டுச் சுவரோடு. என் கணக்கு: ஹாலில் 280, வகுப்பறையில் 2, சில சமயம் 1. ஒரு வீடியோ வகுப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் நிலையாக வந்தாலே போதும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 300க்குப் போனது, தோட்டத்துக்குத் தண்ணீர் போகவில்லை என்று பெரிய மோட்டார் வாங்கிய கதை. அடைத்திருந்தது குழாய்.

இரண்டாவது, ஆறு கொம்பு (ஆன்டெனா) வைத்த ரூட்டர். நாகர்கோவிலில் ஒரு கடையில் “இது மூணு மாடி வரைக்கும் அடிக்கும்” என்று சொல்லிக் கொடுத்தார்கள், 3,200 ரூபாய். ஹாலில் வைத்ததும் வகுப்பறையில் சிக்னல் ஒரு கோடு கூடியது. அவ்வளவுதான். வேகம் பழையபடி. காரணத்தை யோசித்தால் எளிதாகப் புரியும். கோயில் கொடைக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் சத்தம் ஒரு கிலோமீட்டர் தள்ளி உங்கள் காதில் விழும். அதற்காக நீங்கள் உங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பதில் சொன்னால் பூசாரிக்குக் கேட்குமா? ரூட்டர் எவ்வளவு கத்தினாலும், போனும் லேப்டாப்பும் தங்கள் சின்னக் குரலில் திருப்பிப் பேசியாக வேண்டும். இத்தனைக்கும் ரூட்டர் கத்துவதற்கும் சட்டப்படி ஒரு வரம்பு உண்டு. ஆறு கொம்பு, எட்டு கொம்பு என்று எண்ணிப் பார்த்து வாங்குவதில் அர்த்தம் இல்லை.

மூன்றாவது, ரூட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி வீசும், சுவர் பிளக்கில் சொருகும் ரிப்பீட்டர். 1,600. இதை வைத்த இடம்தான் வேடிக்கை: நேராக வகுப்பறைக்குள். சிக்னல் இல்லாத இடத்தில்தானே வேண்டும் என்று நினைத்தேன். லேப்டாப்பில் நான்கு கோடும் நிறைந்தது, நானும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வகுப்பு அன்றும் உறைந்தது. நான்கு கோடு என்பது எனக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள உறவு மட்டும். ரிப்பீட்டருக்கும் ஹாலுக்கும் இடையே உறவே இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் காலிக் குடத்தைப் பளபளவென்று துலக்கி முன்னால் வைத்த மாதிரி. ரிப்பீட்டரோ, அடுத்துச் சொல்லப்போகும் மெஷ்ஷோ, எதுவானாலும், சிக்னல் செத்த இடத்தில் வைக்கக்கூடாது. இன்னும் நன்றாக இருக்கும் இடத்தின் ஓரத்தில் வைக்கவேண்டும். இன்னொன்று, மலிவு ரிப்பீட்டர்கள் கேட்பதும் பேசுவதும் ஒரே அலைவரிசையில். ஒவ்வொரு தகவலும் இரண்டு தடவை காற்றில் போவதால் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். வைஃபை பெயரும் தனியாக வைத்திருந்தேன், ஹாலுக்கு ஒன்று, பின்னால் ஒன்று. போன் பழைய பெயரையே கட்டிப்பிடித்துக்கொண்டு விடாது. அடுக்களையில் நின்று அம்மா வாட்சாப் காலில் “கேக்குதா, கேக்குதா” என்று கத்துவது தினசரி நிகழ்ச்சி ஆனது.

அப்புறம்தான் மெஷ், அதாவது தங்களுக்குள் பேசிக்கொண்டு வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் டப்பாக்கள். வீடு முழுக்க ஒரே பெயர், நடந்துகொண்டே பேசலாம், தானாகவே பக்கத்து டப்பாவுக்கு மாறும் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து, மூன்று டப்பா அடங்கிய ஒரு செட்டை 9,600 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். இந்த வகையில் டிபி-லிங்க்கின் டெக்கோ, மெர்குசிஸின் ஹாலோ, நெட்கியரின் ஆர்பி என்று நிறைய உண்டு. நான் வாங்கியது எது என்பது இந்தக் கதைக்கு முக்கியம் இல்லை, டப்பாமேல் தப்பும் இல்லை. ஒன்று ஹாலில், ஒன்று நடுவே சாப்பாட்டு அறையில், மூன்றாவது வகுப்பறையில். செயலியில் மூன்றும் பச்சையாக எரிந்தது. வேகம் 9 முதல் 12. முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் எட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குரல் மட்டும் ரோபோ மாதிரி இழுக்கும். பெருமழை பெய்யும் நாளில் மொத்தமாக மோசமாகிவிடும். திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், பழுது இருந்தால் மட்டும் மாற்றித் தருவோம், பணம் திரும்பாது என்று இருந்தது. வாங்கும் முன் அந்த வரியை நான் படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா என்று முன்கூட்டியே யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாத பொருள் இது. பணம் திரும்பக் கிடைக்கும் இடத்தில் 200 ரூபாய் கூட இருந்தாலும் அங்கே வாங்குவதே நல்லது.

அன்று ராத்திரி நிஜமாகவே அழுகை வந்தது. பணம் போனதற்குக்கூட இல்லை. சென்னையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள், ஒரு வைஃபையைச் சரிபண்ணத் தெரியாமல் டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறேனே என்று. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “பிள்ளே, தாத்தாவுக்கு ரேடியோ வச்சப்போவும் இந்த அறையில எடுக்கல. முத்தத்துல கம்பு நாட்டித்தான் கம்பி கெட்டினாங்க” என்றாள். பழங்கதை என்று அப்போது நான் காதில் வாங்கவே இல்லை.

அடுத்த வாரம் மோட்டார் சுவிட்ச் மாற்ற எலக்ட்ரீசியன் மாமா வந்தார். அப்பாவின் கூட்டுக்காரர், முன்பாதி கட்டும்போது வயரிங் முழுக்க அவர் செய்ததுதான். டப்பாக்களைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, புதுவீடும் பழைய வீடும் சேரும் இடத்தில் போய்ச் சுவரைத் தட்டினார். “மக்களே, இது ஒரு சுவரு இல்ல, ரெண்டு. பழைய வீட்டுக்க வெளிச்சுவர இடிக்காம, அத ஒட்டியே உங்கப்பா புதுச்சுவரு வச்சாரு. எல்லாம் சேத்தா ரெண்டேகால் அடி வரும். அதுக்கு முன்னால இரும்பு பீரோவ வேற கொண்டு நிறுத்தியிருக்க. உன் டப்பா எப்படி அந்தப் பக்கம் பேசும்?” என்றார். எத்தனை வீடியோ பார்த்தேன், யாரும் என் பீரோவைப் பற்றிச் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் நான் அளக்கத் தொடங்கினேன். போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டால் சிக்னலை டிபிஎம் என்ற அளவில் காட்டும். மைனஸ் எண்ணாக இருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பலம். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 65, 67 வரைக்கும் வீடியோ வகுப்பு நடத்தலாம். 80ஐத் தாண்டினால் கோடு தெரியும், வேலை நடக்காது. ஹாலில் மைனஸ் 38. சாப்பாட்டு அறையில் பீரோவுக்கு முன்னால் நின்றால் மைனஸ் 58. பீரோவுக்குப் பின்னால், சுவரைத் தாண்டிய முதல் அடியில், மைனஸ் 83. 60 அடி தூரம் என்று இத்தனை நாள் தூரத்தைப் பழித்துக்கொண்டிருந்தேன், விஷயம் கடைசி இரண்டேகால் அடியில் இருந்தது. வழக்கமான வீட்டு வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. 5 வேகமானது, சுவரில் சீக்கிரம் மடியும். 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனால் மெதுவானது, மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலும் கலங்கும். என் மெஷ் டப்பாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 5ஐப் பிடிக்கப் பார்த்து, முடியாமல் 2.4க்கு இறங்கி, திரும்ப 5க்கு ஏறி என்று ஊசலாடிக்கொண்டிருந்தன. அந்த எட்டு நிமிட ரோபோ குரலுக்குக் காரணம் அதுதான். வெட்டுகல் ஈரத்தை உறிஞ்சும் கல். நனைந்த சுவர் அலையை இன்னும் அதிகமாகத் தின்னும். மழைநாள் மர்மமும் தீர்ந்தது. பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு ஒரு எண்ணம் வரும்: பெரும்பாலும் மரத்தாலேயே கட்டியிருக்கிறார்கள், மகாராஜாவுக்கு வைஃபை சுகமாக எடுத்திருக்கும்.

வேகம் மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு பிங் அடித்துப் பார்த்தால் போய்வரும் நேரம் மில்லிசெகண்டில் தெரியும். ஹாலில் 2, 3, 2, 4 என்று சீராக வந்தது. வகுப்பறையில் 6, 9, 410, 8, 700, அப்புறம் பதிலே இல்லை. படம் பார்ப்பவருக்கு இது தெரியாது, ஏனென்றால் படம் முன்கூட்டியே கொஞ்சம் சேர்ந்து இருக்கும். நேரடியாகப் பேசுபவரின் கழுத்தைத்தான் இது பிடிக்கும். தொடர்ந்து ஐந்து நிமிடம் பிங் ஓடவிட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டு நோய் என்ன என்று பாதி தெரிந்துவிடும்.

மாமா சொன்ன வைத்தியம்: சுவரோடு மல்லுக்கு நிற்காதே, வயரைச் சுற்றிக் கொண்டுபோ. அதாவது ஹால் டப்பாவுக்கும் வகுப்பறை டப்பாவுக்கும் நடுவே ஒரு லேன் கேபிள், இணையத்தைக் கொண்டுபோகும் செம்பு வயர். மெஷ் விற்பவர்கள் இதை வயர்டு பேக்ஹால் என்பார்கள். டப்பாக்கள் தங்களுக்குள் கேபிளில் பேசிக்கொள்ளும், நம் போனோடு மட்டும் காற்றில் பேசும். எல்லா மெஷ்ஷிலும் இது இருக்காது, பார்த்து வாங்க வேண்டும். பிளக்கில் நேராகச் சொருகும் சில டப்பாக்களில் லேன் துளையே இருக்காது. இருந்தாலும் அந்தத் துளை 100 எம்பிபிஎஸ்ஸா, கிகாபிட்டா (1,000 எம்பிபிஎஸ்) என்று பாருங்கள். என்னுடையது 100. அட்டைப்பெட்டியில் முன்பக்கம் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். அது இரண்டு அலைவரிசைகளின் உச்சபட்ச எண்ணையும் கூட்டிப் போடும் விளம்பரக் கணக்கு. துளை 100 என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. ஆக, நான் 300 திட்டத்துக்குக் கட்டிய பணம் இரண்டாவது தடவையும் வீண்.

கேபிள் வாங்கியதில் ஒரு கிளைக்கதை உண்டு. மாமா மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவசரப்பட்டு நானே ஆன்லைனில் 30 மீட்டர் தட்டையான கேபிள் ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். பெயரெல்லாம் கேட்-6, வேகமான லேன் கேபிள் ரகத்தின் பெயர். இணைத்தால் இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியது, அப்புறம் விட்டு விட்டு. மாமா வந்து முனையை வெட்டி, கத்தியால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். விலைப் பட்டியலில் இதற்கு சிசிஏ என்று மூன்றெழுத்து இருக்கும், தேடினால்தான் கண்ணில் படும். முழுச் செம்பு என்று கேட்டு, மீட்டர் கணக்கில் கடையில் நேரில் வாங்குங்கள். கடைக்காரர் முன்னாலேயே சுரண்டிப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் அடுத்த கடை. செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை கவலையில்லாமல் ஓடும், நம் வீடுகளுக்கு அதற்குமேல் வேண்டாம். வெளியே வெயிலில் போகும் பகுதிக்கு வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிள், இல்லாவிட்டால் பிவிசி பைப்புக்குள். எனக்கு 40 மீட்டர் கேபிள் 1,400, பைப்பும் கிளிப்பும் 600. கூலி என்று மாமா வாங்க மறுத்து, அம்மா சத்தம் போட்ட பிறகு 1,000 வாங்கிக்கொண்டார். காலையில் 10 மணிக்கு ஆரம்பித்து, ஹால் ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, ஓட்டுக் கூரை விளிம்பின் அடியிலேயே கொண்டுபோய், பின் அறை ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். சுவரில் ஒரு துளைகூடப் போடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது.

வகுப்பறையில் 94. பிங் 2, 2, 3, 2. நான் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அமைப்பில் இரண்டு சங்கதி மட்டும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. ஃபைபர் பெட்டியும் ரூட்டர், மெஷ்ஷின் முதல் டப்பாவும் ரூட்டர் என்று ஒரு வீட்டுக்கு இரண்டு தலைவர்கள் இருந்தால் குழப்பம். பிரிண்டர் ஒருவரிடம், லேப்டாப் இன்னொருவரிடம், ஒன்றையொன்று தெரியாது என்று சாதிக்கும். மெஷ் செயலியில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று இருக்கும், அதற்கு மாற்றிவிட்டால் ஃபைபர் பெட்டி மட்டும் தலைவர், மெஷ் அதன் கையாள். குழந்தைகளுக்கு நேரக்கட்டுப்பாடு மாதிரிச் சில வசதிகள் அப்போது போய்விடலாம், எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அதோடு ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். நான் அணைக்காமல் விட்டதால் அம்மாவின் போன் அடுக்களையிலிருந்தும் அதைத்தான் தேடிப் போனது. இன்னொன்று, மூன்று டப்பா இருக்கிறதே என்று மூன்றையும் வைக்காதீர்கள். கேபிள் போட்ட பிறகு நடுவில் இருந்த டப்பாவை எடுத்ததும்தான் போன்கள் குழம்பாமல் ஒழுங்காக மாறத் தொடங்கின. மூன்றாவது டப்பா நெல் பத்தாயத்துக்கு மேல் ஏறியது. இரண்டு டப்பா செட் வாங்கியிருந்தால் 3,000 மிச்சம் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் முனகுவேன்.

ஐப்பசி வந்தது. நம் பக்கம் அந்த மாதத்தில் சாயங்காலம் நாலரை, ஐந்துக்கு இருட்டிக்கொண்டு வந்து இடியும் மின்னலுமாகக் கொட்டும் என்பது ஊருக்கே தெரியும், வீட்டில் டிவி பிளக்கைப் பிடுங்கும் வழக்கமும் உண்டு. டப்பாக்களை யாரும் பிடுங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் ஒரு நாள் இடி விழுந்தது. வீட்டில் எல்லாம் பிழைத்தது, வகுப்பறை டப்பாவின் விளக்கும் எரிந்தது, ஆனால் வேகம் மறுபடி 10. கேபிளைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் அலைந்த பிறகுதான் தெரிந்தது, அந்த டப்பாவின் லேன் துளை மட்டும் செத்துவிட்டது, அது சத்தமில்லாமல் பழைய காற்று வழிக்குத் திரும்பியிருக்கிறது. மின்னல் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது. பத்தாயத்திலிருந்து மூன்றாவது டப்பா இறங்கியது. இப்போது அதைத் திட்டுவதில்லை. செம்புக் கேபிள் வெளியே ஓடினால் மின்னலின் அதிர்வைப் பிடித்து உள்ளே கொண்டுவரும் என்று மாமா சொல்லி, கேபிளை மச்சு வழியாக வீட்டுக்குள்ளேயே மாற்றிப் போட்டார். எதிர்முற்றத்தில் இருக்கும் சித்தப்பா, “எங்க வீட்டுக்கும் ஒரு கேபிள இழுத்து விடேன்” என்று கேட்டபோதும் மாமா ஒரேயடியாக மறுத்துவிட்டார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு போகக்கூடாது, போவதானால் ஃபைபர்தான், கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது என்றார். சித்தப்பா தனி இணைப்பு வாங்கிக்கொண்டார். இடி தொடங்கினால் இப்போது நான் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, பிளக்கையும் லேன் கேபிளையும் இரண்டு பக்கமும் பிடுங்கிவிட்டு, போன் ஹாட்ஸ்பாட்டில் குரல் மட்டும் வைத்து நடத்துகிறேன். கரண்டு போவதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஃபைபர் பெட்டிக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் வாங்கினால் போதாது, மெஷ் டப்பா ஒவ்வொன்றுக்கும் வேண்டும். வாங்கும் முன் ஒவ்வொரு அடாப்டரிலும் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள், எல்லாம் ஒன்றாக இருக்காது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் லைன் பின் அறைக்கு இல்லை, அதை இழுக்க மாமாவுக்கு இன்னொரு சாயா.

கணக்குப் போட்டால், திட்டம் 2,800, கொம்பு ரூட்டர் 3,200, ரிப்பீட்டர் 1,600, போலிக் கேபிள் 900, ஆக 8,500 ரூபாய் சுத்தமாகத் தண்ணீரில். கொம்பு ரூட்டரை 1,000க்குக்கூடக் கேட்க ஆளில்லை. நிறுத்திப்போன இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள். மறுபடி முதலிலிருந்து செய்வதானால், ஒரு நாள் போனோடு வீடு முழுக்க நடந்து மைனஸ் எண்களைத் தாளில் குறிப்பேன், பீரோவை நகர்த்துவேன், கேபிள் போகும் வழியைப் பார்ப்பேன், அதற்கப்புறம்தான் எந்த டப்பாவுக்கும் காசு எடுப்பேன். சொல்லப்போனால், கேபிள் ஒன்று பின் அறைக்கு வந்துவிட்டால் மெஷ்கூடக் கட்டாயம் இல்லை. வீணாகக் கிடந்த அந்தக் கொம்பு ரூட்டரையே ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றி அங்கே வைத்திருக்கலாம். இதை மாமாதான் போன மாதம் சாவகாசமாகச் சொன்னார். “அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா” என்றால், “நீ டப்பா வாங்கிட்டுத்தானே என்னைக் கூப்பிட்ட மக்களே” என்கிறார்.

இந்த ஆனியில் இடி இல்லாத சாரல் ஒரு வாரம் நின்று பெய்தது. பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று தோஹாவிலிருந்து ஒரு பெண், “மிஸ், பின்னாடி என்ன சத்தம்?” என்றாள். மைக்கில் ஏதோ இரைச்சல் என்று பயந்து கேபிளைப் பார்க்க எழுந்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, ஓட்டில் மழை. தவளையும் சேர்ந்து. அவள் பிறந்ததிலிருந்து தோஹாதான். “கொஞ்சம் கேக்கட்டுமா மிஸ்?” என்றாள். லேப்டாப்பை ஜன்னலோரம் திருப்பி வைத்தேன். பத்து நிமிடம் கணக்கு நடக்கவில்லை, படமும் உறையவில்லை.